ஒரு மாதக் குழந்தையுடன் வரும் தீபாவளி: ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா?

உறையூர்க்காரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தலைப்பிரசவம் முடிந்து திருச்சி உறையூரில் தாய் வீட்டில் இருக்கிறேன். புரட்டாசி முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். தீபாவளியன்று அவளுக்கு ஒரு மாதம் நிறைந்திருக்கும். கணவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிவிடுகிறார்.

அவருடைய ஊர் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு கிராமம். எங்கள் வழக்கப்படி ஐந்தாம் மாதத்தில்தான் தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அதில் இரு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் என் மாமனார் சென்ற ஆண்டு பக்கவாதத்தில் விழுந்து, இப்போதுதான் பிடித்துக்கொண்டு சில அடி நடக்கிறார். அவரால் திருச்சி வரை வர இயலாது. பேத்தியைக் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். "தீபாவளிக்கு இரண்டு நாள் கொண்டுவந்து மாமா கண்ணில் காட்டிவிட்டுப் போ, அதற்குமேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று அத்தை சொல்கிறார். அவர் அதட்டிக் கேட்டிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும்; கெஞ்சிக் கேட்கிறார்.

என் அம்மா ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். மதுரை வழியாகக் காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பண்டிகைக் கூட்டத்தில் எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்ல முடியாது. சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பகுதியில் பட்டாசுக்குப் பஞ்சமே இல்லை. பார்க்க வரும் உறவினர் கூட்டமும் பெரிது. போகலாமா, கூடாதா, கூடாது என்றால் அத்தையிடம் அதை எப்படிச் சொல்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வீட்டிலேயே இருந்தாலும் எண்ணெய்க் குளியல், புது உடை, பட்டாசுச் சத்தம் ஆகியவற்றுக்கு என்ன செய்வது என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

திண்டுக்கல் பாட்டி

மகளே, முதலில் வாழ்த்து. பெண் பிள்ளை தலைச்சனாகப் பிறந்த வீடு நன்றாக இருக்கும்.

என் காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. நாற்பது நாள் முடியாமல் தாயும் பிள்ளையும் வாசற்படி தாண்டுவதில்லை. அது தீட்டுக்காக என்று சொல்லி வைத்தார்களே தவிர, அதன் பலன் வேறு. அந்த நாற்பது நாளும் பிள்ளை பெற்றவள் அடுப்படிக்குப் போக வேண்டாம், கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டாம், வந்தவர்களுக்கு இலை போட வேண்டாம். இப்போது தீட்டையும் விட்டுவிட்டோம், அதோடு சேர்த்து அந்த ஓய்வையும் விட்டுவிட்டோம்.

தீபாவளிக்குப் பிள்ளை ஊருக்குப் போவதைவிடப் பாட்டி பிள்ளையைத் தேடி வருவதுதான் முறை. உன் மாமியாரை முன்கூட்டியே வரவழைத்து, இரண்டு நாள் தங்கச் சொல். பேத்தியைக் குளிப்பாட்டும் பொறுப்பை அவரிடமே கொடு. மடியில் போட்டுக் குளிப்பாட்டிய பிள்ளையைப் பற்றி ஊருக்குப் போய்ச் சொல்ல அவருக்கு ஆயிரம் இருக்கும். உன் மாமனார் அதைக் கேட்டே பாதி நிறைவடைவார்.

புது உடையைப் பற்றிக் கேட்டாய். பிறந்த பிள்ளைக்கு எங்கள் பக்கம் முதலில் பழைய துணிதான். தாத்தாவின் வேட்டி, பாட்டியின் நூல் சேலை என்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதைக் கிழித்து வைத்திருப்போம். கடையில் விற்கும் சரிகை வைத்த பட்டுப்பாவாடை ஒரு மாதப் பிள்ளையின் கழுத்தை அறுக்கும். பண்டிகைக்கு ஒரு சின்னப் பருத்திச் சட்டை வாங்கி, கஞ்சிப் பசை போக இரண்டு முறை அலசி, மஞ்சள் தடவிப் போட்டுவிடு. அது போதும்.

கரிசல்காட்டான்

பாட்டியம்மாவை மதிக்கிறேன், ஆனாலும் மாறுபடுகிறேன். நானும் அதே கோவில்பட்டிப் பகுதியைச் சேர்ந்தவன்தான்.

பக்கவாதத்தில் விழுந்து எழுந்த மனிதருக்கு அடுத்த தீபாவளி உறுதி என்று யார் எழுதித் தருவார்கள்? என் தந்தை என் மகனைத் தூக்காமலேயே போய்விட்டார். "மழை நிற்கட்டும், குளிர் குறையட்டும், மாதம் நிறையட்டும்" என்று எல்லோரும் நல்ல காரணங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற கணக்கை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் உறவு என்ற கணக்கு விட்டுப்போகும்.

கிராமம் என்றாலே பட்டாசு, கூட்டம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காக ஊரே தலைமுறை தலைமுறையாகப் பட்டாசு வெடிப்பதில்லை. எங்கிருந்தோ வரும் கொக்குக்கும் நாரைக்கும் ஓர் ஊர் அடங்குமென்றால், சொந்த ஊர்ப் பேத்திக்கு ஒரு தெரு அடங்காதா? உங்கள் கணவர் முன்கூட்டியே போய்ப் பங்காளி வீடுகளில் ஒரு சொல் சொல்லி வைத்தால் போதும்.

ரயிலில் வாருங்கள். திருச்சியிலிருந்து கோவில்பட்டிக்கு நேர் வண்டிகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் முன்பதிவு செய்துகொண்டால் ஆட்டமும் இல்லை, நெரிசலும் குறைவு.

தாய்சேய்ச் செவிலி

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கரிசல்காட்டான் ஐயா சொன்ன வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குழந்தையின் வயது இங்கே முக்கியம் என்பதால், பொதுவாகப் பேசாமல் இந்த ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவை போடப்பட்டிருக்கும். அடுத்த தவணை ஆறாம் வாரம் நிறைந்த பிறகுதான் வரும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும், நிமோனியாவைத் தடுக்கும் ஊசியும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்தும் அப்போதுதான் தொடங்கும். ஆகவே தீபாவளி வரும்போது உங்கள் மகளுக்கு இந்த நோய்களில் பலவற்றுக்கு ஊசிவழிப் பாதுகாப்பு இருக்காது. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வெறும் நாள்பட்ட இருமலாகத் தெரியும். அதே இருமல் ஒரு மாதக் குழந்தைக்கு வந்தால் இருமவே தெம்பில்லாமல் மூச்சு நின்று போகலாம். கூட்டத்தில் யாருக்கு எது இருக்கிறதென்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெப்பமானியில் 100.4 டிகிரி காட்டினால் அது மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய காய்ச்சல். கைவைத்தியம் பார்ப்பதோ, மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிவிட்டுக் காலை வரை காத்திருப்பதோ கூடாது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, நெஞ்சுக்குழி உள்வாங்க மூச்சிரைப்பது ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பண்டிகை நாளில் பல தனியார் கிளினிக்குகள் மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் இருபத்து நான்கு மணி நேரமும் குழந்தை மருத்துவர் இருக்கும் இடம் எது என்பதைத் தீபாவளிக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியலைப் பற்றி. தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, குழந்தையின் கைகால்களில் மெதுவாகப் பூசுவதில் தவறில்லை. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதை எடுப்பது மிகக் கடினம். மூக்கை நீவிவிடுகிறேன், தலையை உருட்டிவிடுகிறேன் என்று அழுத்துவதும், மார்புக் காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதும் வேண்டாம். இடது தோளில் பி.சி.ஜி. போட்ட இடத்தில் இந்த வாரங்களில் சிறு கட்டி கிளம்பிச் சீழ் வைக்கும். பார்ப்பவர்கள் பதறி மஞ்சள் வைப்பார்கள், எண்ணெய் தடவுவார்கள். அது தானாக உடைந்து ஆறித் தழும்பாக வேண்டிய புண், தொடாமல் விட்டுவிடுங்கள். குளியல் முடிந்ததும் சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவதும் கூடாது.

வாயில் எதுவும் வைக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். "நாளும் கிழமையுமாக இனிப்பு தொட்டு வைக்காவிட்டால் எப்படி" என்று யாராவது தேனையோ, லட்டுத் துணுக்கையோ நீட்டத்தான் செய்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தேன் ஒரு வயது வரை ஆகாது, ஏனெனில் தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்கிருமி சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தீபாவளி லேகியம் உங்களுக்கு. குழந்தைக்கு அதில் பங்கு கிடையாது. கண்மையும் இதே போலத்தான். திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள். கன்னத்தில் வைத்தது கைபட்டுக் கண்ணுக்கும் வாய்க்கும் போய்விடும்.

என் கருத்தைக் கேட்டால், ஆறாம் வார ஊசி போட்டுச் சில நாள் கழித்து, கூட்டமில்லாத ஒரு வார நாளில் போய் வாருங்கள். மாமனாருக்குத் தேவை பேத்திதான். அவள் தீபாவளியன்றே வர வேண்டும் என்பதில்லை.

கரிசல்காட்டான்

செவிலி அம்மையார் சொன்ன கடைசி இரண்டு வரியை ஒப்புக்கொள்கிறேன். தேதி தள்ளிப்போகலாம், "ஐந்தாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது. போகும் நாளை இப்போதே குறித்து மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். நாள் குறிக்காத வாக்குறுதியைப் படுக்கையில் கிடப்பவர்கள் நம்புவதில்லை.

வேளச்சேரி அப்பா

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் மகனுக்கு முதல் தீபாவளி வந்தபோது அவனும் ஏறக்குறைய இதே வயதுதான். சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை ஒட்டி, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் பட்டாசு வெடிக்க அனுமதி. நடைமுறையில் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்குத் தடை உண்டு என்றாலும், மாடிப்படி இடுக்கில் வெடிக்கும் அணுகுண்டை அளக்க யார் கருவியோடு நிற்கிறார்கள்?

நாங்கள் வீட்டின் உள்ளறையைத் தேர்ந்தெடுத்தோம். தெருவைப் பார்த்த அறையில் தொட்டில் இருந்தது. அதைக் கழற்றி, வெளிச்சுவர் இல்லாத நடு அறைக்கு மாற்றினோம். சன்னலுக்குக் கெட்டித் திரை, கதவுக்கு அடியில் சுருட்டிய துண்டு, மின்விசிறி ஒரே சீராக ஓடும் இரைச்சல் என்று செய்ததில் பாதிச் சத்தம் அடங்கியது. காதில் பஞ்சு வைக்கலாமா என்று கேட்டதற்கு எங்கள் மருத்துவர் கூடாது என்றார். சிறு காதுக்குள் பஞ்சு உள்ளே போய்விடும். வெடிச் சத்தத்துக்குக் குழந்தை கைகளை விரித்துத் தூக்கிப் போடும். அது பயம் பிடித்ததால் அல்ல, அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள இயல்பான அனிச்சைச் செயல்தான். சில மாதங்களில் மறைந்துவிடும். அப்படித் தூக்கிப் போடும்போதெல்லாம் மந்திரிக்க அழைத்துப் போக வேண்டியதில்லை. மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டால் அடங்கிவிடுகிறது.

சத்தத்தைவிடப் புகைதான் எங்களைப் படுத்தியது. ஐப்பசி ஈரக் காற்றில் புகை மேலே ஏறாமல் தாழ்வாகத் தேங்கி நிற்கிறது. சங்குச் சக்கரமும் புஸ்வாணமும் சத்தமில்லாதவைதானே என்று வாசலிலேயே கொளுத்தச் சொல்லாதீர்கள். புகையில் அவைதான் முன்னணி. இன்னொன்று, கம்பி மத்தாப்பு கொளுத்திய கையோடும் சட்டையோடும் நேரே வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். கந்தக வாடை சட்டையை விட்டு எளிதில் போகாது. நான் குளித்து உடை மாற்றாமல் மகனைத் தொடக் கூடாது என்று என் மாமியார் சட்டம் போட்டார். அந்த ஒரு சட்டத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

நாஞ்சில் தாய்

எங்களுக்கு இது தீபாவளியில் அல்ல, கிறிஸ்துமஸில் வந்தது. கார்த்திகையில் பிறந்த குழந்தை. நாகர்கோவில் பக்கம் டிசம்பர் பிறந்தாலே இரவு நேரத்தில் கீதப் பவனி வரும். பத்து மணிக்கு மேல் மேளமும் கிதாரும் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமுமாக இளைஞர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து பாடுவார்கள். பச்சைப் பிள்ளை இருக்கும் வீடு என்று வேண்டாமென்று சொன்னால் மனம் கோணுவார்கள் என்று என் மாமனார் தயங்கினார். என் கணவர் சபைக் குழுவினரிடம் நேரில் போய், "மாலை ஆறு மணிக்கு வந்து, மேளமில்லாமல் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் அப்படியே வந்தார்கள். வராதே என்பதைவிட, எப்போது எப்படி வர வேண்டும் என்று சொல்வதை மக்கள் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு நான் போகவில்லை. பனியில் குழந்தையை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்புவது வீண் என்று போதகரே சொல்லிவிட்டார்.

பார்க்க வருபவர்களுக்கு வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்துவிடுங்கள். "கையைக் கழுவிவிட்டு வாருங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல நமக்குத்தான் கூச்சம். வாளியையும் துண்டையும் பார்த்தால் அவர்களே கழுவிக்கொள்வார்கள். முத்தம் கொடுக்க வருபவர்களிடம் மட்டும் குழந்தையின் பாதத்தைக் காட்டிவிடுங்கள்.

பெயர் வேண்டாம்

இந்த இழையில் எல்லோரும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது இயல்பு. தாயைப் பற்றிப் பாட்டி மட்டும் பேசினார்.

என் முதல் தீபாவளியில் கூடம் நிறையச் சிரிப்பும் பலகார வாசனையுமாக இருந்தது. குழந்தை ஒவ்வொரு மடியாகப் போய்க்கொண்டிருந்தது. பால் கட்டி மார்பு கல்லாகி நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். பசித்து அழுதால்தான் குழந்தை என் கைக்கு வரும். குடித்து முடித்ததும் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இரவெல்லாம் விழித்த எனக்கு உதவுவதாகவே எல்லோரும் நினைத்தார்கள். புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து படம் எடுத்துக்கொள் என்று அழைத்தபோது காரணமே இல்லாமல் அழுதேன். "நல்ல நாளில் அழாதே" என்றார்கள்.

பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் பலருக்கும் இப்படி அழுகை வந்து தானாகத் தெளியும். எனக்கு அதற்குப் பின்னும் தெளியவில்லை. மருத்துவரைப் பார்த்த பிறகுதான் சரியானது. உங்களுக்கும் அப்படி நீண்டால் வெளியே சொல்லத் தயங்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஊருக்குப் போவதோ, இங்கே இருப்பதோ உங்கள் விருப்பம். எங்கே இருந்தாலும் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை உங்களுக்கும் குழந்தைக்கும் வேண்டும். அந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்பதை உங்கள் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

திண்டுக்கல் பாட்டி

மகளே, மேலே எழுதிய பிள்ளையின் வார்த்தையைப் படித்துக் கண் கலங்கினேன். எங்கள் காலத்திலும் இது இருந்தது. "பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுக் கருப்பு பட்டிருக்கிறது" என்று வேப்பிலை அடித்தார்களே தவிர, உட்கார வைத்து என்ன என்று கேட்டவர் இல்லை.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். அது வேண்டாம்; தாகத்துக்குக் குடி. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு எல்லாம் சாப்பிடு. தீபாவளி முறுக்கும் அதிரசமும் இரண்டு தின்றால் பால் கெட்டுப்போகாது. பண்டிகை நாளில் எல்லோர் இலையிலும் பலகாரம் இருக்க, உன் தட்டில் மட்டும் மிளகு ரசம் ஊற்றினால் அது பத்தியமல்ல, தண்டனை.

அதிகாலைக் கங்கா ஸ்நானத்துக்கு உன்னை எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவை. உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, வெயில் ஏறிய பின் வெந்நீரில் குளித்தால் போதும். எங்கள் வீட்டில் பிரசவித்த பெண்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

உறையூர்க்காரி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. எல்லாவற்றையும் அம்மாவும் நானும் சேர்ந்தே படித்தோம்; செவிலி அவர்கள் எழுதியதைக் கணவருக்கும் அனுப்பினேன்.

அத்தையிடம் கணவரே பேசினார். "வர மாட்டாள்" என்று தொடங்காமல், "கார்த்திகைக்கு வருகிறோம், தீபாவளிக்கு நீங்கள் வாருங்கள்" என்று தொடங்கினார். முதலில் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மாமாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இருந்தது. தீபாவளியன்று கணவரே ஊரில் மாமாவுடன் இருப்பதென்றும், நாத்தனாரும் அங்கே வந்துவிடுவதென்றும் முடிவாகியது. என் தலைச்சன் பிள்ளையின் முதல் தீபாவளியில் அவர் என்னோடு இருக்க மாட்டார் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மறைத்து எழுத விரும்பவில்லை.

இன்னொரு சிறு கேள்வி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. குழந்தையின் துணிகள் காயவே இல்லை. பண்டிகையன்று முழுநாளும் டயப்பர் போடலாமா?

தாய்சேய்ச் செவிலி

போடலாம், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே அடுத்ததைக் கட்டுங்கள். அரை ஈரத் துணியைவிட அது மேல். துணிகளை மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டிக் காயவைத்து, கடைசியில் இஸ்திரி போட்டால் ஈர வாடை போய்விடும். குழந்தை படுத்திருக்கும் அறையில் காயப்போட வேண்டாம். மழைக்காலம் என்பதால் கொசுவலையை மறக்காதீர்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். கொசுவர்த்திச் சுருள் கூடாது.

உறையூர்க்காரி (தீபாவளிக்குப் பிறகு)

தீபாவளி எப்படி முடிந்தது என்று எழுதுகிறேன்.

அத்தை தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டார். ஒரு பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கருப்பட்டியும். இன்னொரு பையில் மாமாவின் பழைய வேட்டிகள் நான்கு, துவைத்து மடித்து. பாட்டி இங்கே எழுதியதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. "புது வேட்டி கரை குத்தும், இது அவர் கட்டித் தேய்ந்தது" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைத் தூளிக்குள் விரித்தார். என் அம்மாவும் அவரும் முதல் நாள் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார்கள். உரை மருந்து கொடுப்பதா என்பதில் வாக்குவாதம் வந்தது; வசம்பு சுட்டு உரைத்துக் கொடுக்க அத்தை விரும்பினார். ஆறு மாதம் வரை எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னேன். அத்தை முகம் சுருங்கியது. பிறகு அந்த வசம்பை நூலில் கோத்துத் தொட்டிலின் கம்பியில் கட்டிவிட்டார். அதில் எனக்கு மறுப்பில்லை.

நடு அறைக்கு இடம் மாறியது நல்ல பலன் தந்தது. காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டில் ஆயிரம் வாலா வெடித்தார்கள். அவள் இரண்டு முறை கையை விரித்துத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள். அழுதது மாலையில், பட்டாசுக்காக அல்ல. வந்திருந்தவர்களில் ஒருவர் பூசியிருந்த அத்தர் வாசனைக்கு என்று அம்மா சொல்கிறார், பசிக்கு என்று நான் சொல்கிறேன். தாழ்ப்பாள் போட்ட அறையை யோசனை சொன்ன சகோதரிக்குத் தனியாக நன்றி. கதவுக்கு வெளியே அத்தைதான் காவல். "பிள்ளை பால் குடிக்கிறது, உட்காருங்கள், காபி குடியுங்கள்" என்று சொல்லியே பாதிப்பேரைக் கூடத்தில் நிறுத்திவிட்டார்.

கணவர் ஊரில் மாமாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டுக் கைபேசியில் அழைத்தார். மாமாவுக்குப் பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பேத்தியின் கால் தெரிய வேண்டும் என்று சைகை காட்டினார். ஏன் கால் என்று யாருக்கும் விளங்கவில்லை. காட்டினோம், விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கணவர் அன்றிரவே கிளம்பி நள்ளிரவில் இங்கே வந்து சேர்ந்தார். என் வருத்தம் அவரைப் பார்த்ததும் கோபமாக மாறி, ஒருவாறு தீர்ந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஆறாம் வார ஊசி நவம்பர் 5, புதன்கிழமை. அதற்கு நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணை டிசம்பர் 3இல் வருகிறது. அன்றுதான் கார்த்திகை தீபம், நாங்கள் ஊரில் இருப்பதாக மாமாவிடம் நாள் குறித்துச் சொல்லிவிட்டோம். ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போகலாமா?

தாய்சேய்ச் செவிலி

முன்கூட்டிப் போடக் கூடாது. இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். சில நாள் தள்ளிப் போடுவதில் தவறில்லை என்றாலும், உங்களுக்கு அதுவும் தேவைப்படாது. தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு போனால் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கணவரின் கிராமத்துக்கு எந்த நிலையம் என்று அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போட்டுவிடுங்கள், மாலையில் சற்றுக் காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் சொட்டு மருந்தின் அளவை எடை பார்த்து அவர்களே சொல்வார்கள்.

ஊசி போட்ட அன்று சொக்கப்பனை கொளுத்தும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம்.

கரிசல்காட்டான்

எங்கள் பக்கம் சொக்கப்பனை கோயில் வாசலில்தான்; வீடு நான்கு தெரு தள்ளி இருந்தால் புகை வராது. அந்த ஊர் எது என்று பொதுவில் எழுத வேண்டாம், தனிச்செய்தியில் சொல்லுங்கள். என் தங்கை அந்த வட்டாரத்தில்தான் கிராம சுகாதாரச் செவிலியாக இருக்கிறாள். புதன்கிழமை எத்தனை மணிக்கு ஊசி போடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்கிறேன்.